கதை தெரிந்த பிறகும் ஏன் பார்க்கிறோம்?

1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் ஸ்டூடியோ ஜிப்லியின் இரண்டு அனிமேஷன் படங்கள் ஒரே காட்சியில் அடுத்தடுத்துத் திரையிடப்படும்படி சேர்ந்தே வெளியாகின. ஒன்று ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ'. இன்னொன்று இசாவோ தகஹாதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரப் படங்கள், இரண்டிலும் தாய் அருகில் இல்லாத இரண்டு குழந்தைகள்தான் மையம். தொழில்நுட்பத்திலும் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. ஆனால் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். டோட்டோரோவை எத்தனை தடவை பார்த்தோம் என்ற கணக்கே அவர்களிடம் இருக்காது. மற்றப் படத்தைப் பற்றிப் பேசும்போது, "அற்புதமான படம், ஆனால் இன்னொரு முறை என்னால் முடியாது" என்பார்கள்.

முடிவு தெரிந்துவிட்டது என்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைக்க வழியில்லை. போர்க்காலத்தில் உணவின்றி அலையும் அண்ணன் தங்கையின் கதையான அந்தப் படம், அண்ணன் ஒரு ரயில் நிலையத்தில் இறந்துபோவதைத் தொடக்கக் காட்சியிலேயே காட்டிவிடுகிறது. முதல் முறை பார்ப்பவருக்கும் முடிவு தெரிந்தேதான் இருக்கிறது. டோட்டோரோவிலோ மறைத்து வைக்கும் அளவுக்கு ஒரு முடிச்சே கிடையாது. வில்லனும் இல்லை. இரண்டு சிறுமிகள் புது வீட்டுக்குக் குடிவருகிறார்கள், அம்மா மருத்துவமனையில் இருக்கிறார், காட்டில் ஒரு பெரிய உயிர் இருக்கிறது. கதைச்சுருக்கம் என்று எழுதினால் அவ்வளவுதான்.

ஆக, நல்ல படம் என்பதும் திரும்பத் திரும்பப் பார்க்கும் படம் என்பதும் வேறு வேறு. என் கணிப்பு இதுதான்: ஒரு படத்தை முதல் முறை நம்மைப் பார்க்க வைப்பது 'அடுத்து என்ன' என்ற கேள்வி. அந்தக் கேள்வியைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாவது, பத்தாவது, நாற்பதாவது முறை அமைகிறது. பல நல்ல படங்களில் அந்த மிச்சம் குறைவு. சில சுமாரான படங்களில்கூட அது நிறைய இருக்கும்.

இந்தக் 'கழித்தல்' நாம் பயப்படும் அளவுக்குப் பெரிய இழப்பு இல்லை என்பதற்கு ஆதாரம் உண்டு. 2011ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஜொனதன் லெவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 12 சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்குக் கதையின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. முடிவு தெரிந்து படித்தவர்களே பொதுவாகக் கதையை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். துப்பறியும் கதைகளிலும் அப்படித்தான். பின்னால் வந்த சில ஆய்வுகளில் இதற்கு நேர்மாறான முடிவும் கிடைத்தது, எனவே ஸ்பாய்லர் சொல்வதற்கு இதை யாரும் லைசென்ஸாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முடிவு தெரிந்தால் எல்லாம் போச்சு என்ற எண்ணம் அப்படியே உண்மையில்லை என்பது தெளிவு.

அதைவிட விசித்திரமானது, முடிவு தெரிந்த பிறகும் நெஞ்சு படபடப்பது. ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1989ல் இதை ஆராய்ந்தார். ஜார்ஜ் வாஷிங்டன்தான் அமெரிக்காவின் முதல் அதிபர் என்பது அந்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் பதவியேற்பது சந்தேகம் என்பது போல எழுதப்பட்ட ஒரு பத்தியைப் படித்த பிறகு, 'அவர் அதிபரானார்' என்ற வாக்கியம் சரிதான் என்று சொல்ல மக்களுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. மனதுக்குத் தெரிந்த உண்மை ஒரு பக்கம் இருக்க, கதை தன் பாட்டுக்கு நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. கப்பல் மூழ்கும் என்று தெரிந்தே டிக்கெட் வாங்கிப் போய், மூழ்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது இதனால்தான்.

திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் இதை எந்தச் சோதனையும் இல்லாமலேயே தெரிந்து வைத்திருந்தார். பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுடனான புகழ்பெற்ற உரையாடலில் அவர் சொன்ன உதாரணம்: மேசைக்கு அடியில் ஒரு குண்டு இருக்கிறது, பார்வையாளருக்குத் தெரியாது, வெடிக்கிறது. 15 விநாடி அதிர்ச்சி கிடைக்கும். அதே குண்டு இருப்பது பார்வையாளருக்கு முன்பே தெரிந்தால், மேசையைச் சுற்றி நடக்கும் வெட்டிப் பேச்சுகூட 15 நிமிடம் நம்மை நகத்தைக் கடிக்க வைக்கும். மறுமுறை பார்க்கும் ரசிகருக்குப் படம் முழுக்க எந்தெந்த மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். முதல் முறை சும்மா கடந்துபோன காட்சிகள்கூட அவருக்கு மட்டும் கனத்துப்போய்விடுகின்றன.

'தி காட்ஃபாதர்' (1972) தொடங்கும் கல்யாணக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தை நெருங்கும் காட்சி. முதல் தடவை பார்ப்பவருக்கு அது ஆள் யார் யார் என்று அறிமுகப்படுத்தும் கூட்டம், கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். இரண்டாம் தடவை அது வேறு காட்சி. (ஐம்பது வருஷத்துக்கு மேலான படம், முடிவைச் சொல்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) மாலையும் கழுத்துமாக நிற்கும் மாப்பிள்ளை கார்லோதான் பின்னால் பெண்ணின் அண்ணன் சன்னியைக் காட்டிக்கொடுத்துச் சாகடிக்கப் போகிறவன். வாசலில் உட்கார்ந்து வாழ்த்துரையை வாய்க்குள் ஒத்திகை பார்க்கும் முரட்டு ஆள் லூக்கா, படம் பாதியைத் தாண்டும் முன்பே செத்துவிடுவான். இது என் குடும்பம், நான் இல்லை என்று காதலியிடம் சொல்லும் மைக்கேல்தான் கடைசியில் அப்பாவின் நாற்காலியில் உட்காருவான். இயக்குநர் கொப்போலா ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை, நமக்குத் தெரிந்த விஷயம்தான் காட்சியை மாற்றிவிட்டது.

ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் இவ்வளவு இருட்டானது இல்லை. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் தன் அப்பாவாக வரும் டி.எஸ்.பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்லும் காட்சி. முதல் முறை நம் கண் நாகேஷை விட்டு நகராது. கையை ஆட்டுகிறார், குரலை ஏற்றி இறக்குகிறார், அவர் மேல்தான் வெளிச்சம். நாலாவது ஐந்தாவது முறையில் கண் தானாகப் பாலையா பக்கம் போகும். பயப்படாத மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்குவதை அப்போதுதான் முழுசாகப் பார்ப்போம். அந்தக் காட்சியின் சிரிப்பில் பாதிக்கு மேல் கேட்பவரிடம் இருக்கிறது, சொல்பவரிடம் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எத்தனை தடவை ஆகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இதில் நம் குறை எதுவும் இல்லை. படம் பார்ப்பவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்த ஆய்வுகள் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன: வழக்கமான முறையில் எடுத்து வெட்டி ஒட்டிய படத்தில், எல்லோருடைய கண்ணும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறது. பேசும் முகம், அசையும் கை, திரையின் நடுப்பகுதி. எடிட்டர் நம் கண்ணைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார். கதை தெரிந்த பிறகு அந்தப் பிடி கொஞ்சம் தளர்வதாக எனக்குத் தோன்றுகிறது. ஓரத்தில் இருப்பவர், பின்னால் தெரியும் சுவர், பின்னணி இசை எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணிலும் காதிலும் படும்.

ஆரம்பத்திலிருந்தே கண்ணைப் பிடிக்க மறுக்கும் படங்களும் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் தத்தியின் 'ப்ளேடைம்' (1967) அப்படிப்பட்டது. பாரிஸுக்கு வெளியே ஒரு குட்டி நகரத்தையே செட்டாகப் போட்டு, 70 எம்எம்மில், குளோஸ்-அப் வைக்காமல் எடுத்தார். ஒரே ஃபிரேமில் நாலைந்து நகைச்சுவை நாலைந்து மூலைகளில் ஒரே சமயம் நடக்கும், எதைப் பார் என்று கேமரா சொல்லாது. ஒரு புது உணவகம் திறந்த முதல் இரவிலேயே துண்டு துண்டாகக் கழன்று விழும் நீண்ட காட்சியை ஒரே தடவையில் முழுசாகப் பார்த்து முடித்தவர் யாரும் இருக்க முடியாது. திரும்பப் பார்ப்பதற்கென்றே எடுத்தது போன்ற படம் அது. முதல் தடவை பார்க்கவே கூட்டம் போதவில்லை, தத்தி கடனில் மூழ்கினார் என்பதுதான் கொடுமை.

ட்விஸ்ட் படங்கள் தனி ரகம். 'தி சிக்ஸ்த் சென்ஸ்' (1999) பார்த்து முடித்தவர்கள் உடனே இன்னொரு தடவை பார்க்க ஓடினார்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு காட்சியாகச் சரிபார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. ஆனால் அது கணக்குத் தணிக்கை வேலை. கணக்கு சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு மூன்றாவது தடவைக்கு அவ்வளவு அவசரம் இருப்பதில்லை. ட்விஸ்ட்டை மட்டும் நம்பி எடுத்த படங்களின் ஆயுள் சரியாக இரண்டு தடவை என்பது என் அபிப்பிராயம்.

விதிவிலக்கு இருக்கிறது. 'சைக்கோ' (1960) வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் தியேட்டருக்குள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் கட்டுப்பாடு விதித்தார். ரகசியத்தை அவ்வளவு கவனமாகக் காத்த படம். இன்று அந்த ரகசியம் தெரியாதவர் குறைவு. ஆனாலும் படம் ஓடுகிறது. காரணம், பாடம் செய்த பறவைகள் நிறைந்த அறையில் விடுதி நடத்தும் நார்மன், அங்கே தங்க வந்த பெண்ணுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு அம்மாவைப் பற்றிப் பேசும் காட்சி. விஷயம் தெரியாதவருக்கு அது கூச்ச சுபாவமுள்ள, பாவப்பட்ட ஒரு பையனின் பேச்சு. தெரிந்தவருக்கு ஒவ்வொரு வாக்கியமும் முதுகில் ஊரும், நடுவே சிரிப்பும் வரும். ஆன்டனி பெர்கின்ஸ் இரண்டு வகைப் பார்வையாளருக்கும் சேர்த்து ஒரே முகத்தில் நடித்திருக்கிறார்.

இதுவரை சொன்னது படத்துக்குள் இருக்கும் சரக்கு. பார்க்கும் ஆள் மாறிப்போவது வேறு விஷயம், எனக்கு அதுதான் இதில் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. யாசுஜிரோ ஓஸுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) படத்தில் வயதான பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோவுக்கு வருகிறார்கள். டாக்டர் மகனுக்கும் அழகு நிலையம் நடத்தும் மகளுக்கும் அவர்களோடு செலவழிக்க நேரமில்லை. போரில் இறந்துபோன இன்னொரு மகனின் மனைவி நொரிகோதான் அன்பாகக் கவனிக்கிறாள். இருபது வயதில் பார்த்தால் அந்த மகள் மேல் கோபம் பொத்துக்கொண்டு வரும். சம்பாதித்து, வீட்டையும் வேலையையும் இழுத்துப் பிடித்து ஓடும் வயதில் பார்த்தால் அவள் கெட்டவளாகத் தெரியமாட்டாள், நேரமில்லாதவளாகத் தெரிவாள். அதற்குப் பிறகு நம் கண் பெற்றோரின் பக்கம் போகும், அவர்கள் எவ்வளவு விஷயத்தைப் பேசாமல் விழுங்குகிறார்கள் என்று. பிள்ளைகள் இப்படி விலகிப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று நொரிகோவே படத்தின் முடிவில் அந்தப் பெற்றோரின் கடைசி மகளிடம் சொல்கிறாள். அந்த வசனம் இருபது வயதில் காதில் விழுந்தாலும் மனதில் ஏறுவதில்லை.

டோட்டோரோவுக்கும் இது பொருந்தும். குழந்தையாகப் பார்த்தபோது பூனைப் பேருந்துதான் படம். வளர்ந்த பிறகு பார்த்தால், தங்கையைக் கவனித்துக்கொண்டு, சமைத்துக்கொண்டு, பெரியவள் மாதிரியே நடந்துகொள்ளும் பத்து வயது அக்கா சட்சுகிதான் கண்ணில் நிற்கிறாள். அம்மா செத்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் ஒரு இடத்தில் உடைந்து அழுகிறாள். அந்த அழுகை எப்போதும் அங்கேதான் இருந்தது.

மறுபடி பார்ப்பவர்களிடம் நேரில் பேசி ஆராய்ந்தவர்களும் உண்டு. கிறிஸ்டல் ரஸ்ஸல், சிட்னி லெவி இருவரும் 2012ல் வெளியிட்ட ஆய்வில், படித்த புத்தகத்தையே படிப்பவர்கள், பார்த்த படத்தையே பார்ப்பவர்கள், போன ஊருக்கே போகிறவர்கள் என்று பலரையும் விரிவாகப் பேட்டி கண்டார்கள். பழக்கதோஷம் அல்லது பழைய நினைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது, தாங்கள் எவ்வளவு மாறியிருக்கிறோம் என்று அளந்து பார்க்கவும் அவர்கள் இதைச் செய்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது.

சரி, எல்லோரும் எப்போதும் இவ்வளவு ஆழமாக எதையும் தேடிப் பார்ப்பதில்லை. நாள் முழுக்க வேலை செய்து களைத்துப்போன இரவில் புதுப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே ஒரு வேலை. ஜே டெரிக் என்ற ஆய்வாளர் 2013ல் வெளியிட்ட ஆய்வு, மனதைக் கட்டுப்படுத்தி உழைத்துச் சோர்ந்தவர்கள் ஏற்கெனவே பழகிய கதைகளின் பக்கம் சாய்கிறார்கள், அது அவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு தருகிறது என்று சொல்கிறது. தெரிந்த கதையில் யாரும் நம்மை ஏமாற்றப் போவதில்லை, நாய் சாகுமா என்ற பயம் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் எட் ஓ'பிரையன் 2019ல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்: ஏற்கெனவே பார்த்த படமோ கண்காட்சியோ இரண்டாம் தடவை சலிக்கும் என்று மக்கள் முன்கூட்டி எவ்வளவு நினைக்கிறார்களோ, உண்மையில் அவ்வளவு சலிப்பதில்லை. முதல் தடவையிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற குழந்தைகள் தொடரை 1996ல் நிக்கலோடியன் சேனல் தொடங்கியபோது, ஒரே எபிசோடை வாரத்தில் ஐந்து நாளும் தொடர்ந்து போட்டது. பெரியவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் ஆய்வில், நாட்கள் போகப்போகக் குழந்தைகளுக்குப் புரிவது கூடியது, திரையில் கேட்கும் கேள்விகளுக்குச் சத்தமாகப் பதில் சொல்வதும் கூடியது. பதில் முன்பே தெரிந்திருப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. கிளைமாக்ஸ் வசனத்தை நடிகருக்கு முன்னால் நாம் சொல்லிவிடுவதும் அதே பெருமைதான் என்று நினைக்கிறேன்.

எந்தப் படம் நம் 'திரும்பத் திரும்பப் பார்க்கும் படம்' ஆகிறது என்பதில் தரத்துக்குச் சமமாகத் தற்செயலுக்கும் பங்கு உண்டு. ஃபிராங்க் காப்ராவின் 'இட்'ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) வெளியானபோது எதிர்பார்த்த வசூல் வரவில்லை. 1974ல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். உரிமைத் தொகை கொடுக்க வேண்டாம் என்றதும் அமெரிக்காவின் டிவி நிலையங்கள் டிசம்பர் வந்தால் அதைப் போட்டுத் தள்ளின. பார்த்துப் பார்த்தே ஒரு தலைமுறைக்கு அது தவிர்க்க முடியாத கிறிஸ்துமஸ் படமாகிவிட்டது. 'தி ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்' (1994) கதையும் இதுதான். 2.5 கோடி டாலரில் எடுத்த படம், முதல் ஓட்டத்தில் சுமார் 1.6 கோடிதான் வசூலித்தது. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அப்புறம் வீடியோ கேசட் வாடகைக் கடைகளும், 1997 முதல் டிஎன்டி கேபிள் சேனலில் வந்துகொண்டே இருந்த மறு ஒளிபரப்புகளும் அதைத் தூக்கி நிறுத்தின. தமிழில் 'அன்பே சிவம்' (2003) தியேட்டரில் ஓடவில்லை, டிவியில் பார்த்துப் பார்த்துத்தான் அது பலருக்கு நெருக்கமான படமானது.

அடிக்கடி கண்ணில் படுவதாலேயே ஒன்று பிடித்துப்போகும் என்பதை 1968ல் ராபர்ட் சயான்ஸ் சோதனைகளில் காட்டினார். அர்த்தமில்லாத சொற்கள், முன்பின் தெரியாத முகங்கள்கூட நாலு தடவை பார்த்தால் கொஞ்சம் நல்லதாகத் தெரிந்தன. ஆனால் டிவி எத்தனையோ படங்களைத் தேயத் தேயப் போட்டிருக்கிறது, எல்லாமே மனதில் ஒட்டவில்லை. மேலே சொன்ன மூன்று படங்களுக்கும் ஒரு பொதுத்தன்மை இருப்பதாக எனக்குப் படுகிறது: எந்த இடத்தில் நுழைந்தாலும் உட்கார முடியும். சேனல் மாற்றும்போது நடுவில் அகப்பட்டால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவோம். சிறைக்கூரையில் உட்கார்ந்து பீர் குடிக்கும் கைதிகளோ, வழியில் மாட்டிக்கொண்டு வாக்குவாதம் செய்யும் இரண்டு ஆண்களோ, அந்தந்தக் காட்சியே தன்னளவில் முழுசாக இருக்கிறது. கிளைமாக்ஸுக்காக மட்டுமே காத்திருக்கும் படங்களுக்கு இது அமையாது.

திரும்பப் பார்ப்பவர்கள் ஒரு படத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது, அந்தப் படத்தில் யாராவது கை வைக்கும்போது வெளியே வருகிறது. ஜார்ஜ் லூகாஸ் 1997ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். மதுக்கூடத்தில் ஹான் சோலோ எதிரியைச் சுடும் காட்சியில், எதிரிதான் முதலில் சுட்டான் என்று ஆக்கினார். சில விநாடி வித்தியாசம். ரசிகர்கள் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. லூகாஸுக்கு அது அவருடைய படம். நூறு தடவை பார்த்தவருக்கோ எந்த விநாடியில் எந்தக் குண்டு பாயும் என்று அவருடைய நரம்புக்கே தெரியும்.

ஸ்பீல்பெர்க் 2002ல், இருபதாம் ஆண்டு வெளியீட்டுக்காக 'இ.டி.' படத்தில் சிறுவர்களைத் துரத்தும் அதிகாரிகளின் கையில் இருந்த துப்பாக்கிகளைக் கணினி மூலம் அழித்துவிட்டு வாக்கி-டாக்கிகளை வைத்தார். கதையில் ஒரு மயிரிழைகூட மாறவில்லை, சைக்கிள்கள் அப்போதும் பறந்தன. முதல் தடவை பார்க்கும் குழந்தைக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. முனகியவர்கள் எல்லாம் பழைய ரசிகர்கள். பிறகு ஸ்பீல்பெர்க்கே அந்த மாற்றத்துக்காக வருத்தப்பட்டார். 2012ல் வந்த புளூ-ரேயில் 1982ஆம் ஆண்டுப் படம்தான் இருந்தது, துப்பாக்கிகளோடு.